கணிப்பொறி வலையமைப்புப் பரீட்சைக்கு எத்தனை மாதப் படிப்பு?

நெல் எத்தனை நாளில் அறுவடைக்கு வரும் என்று ஒருவர் வினவினால், எந்த ரகம், எந்தப் பட்டம், எத்தகைய மண் என்று திருப்பிக் கேளாமல் விடை கூறும் விவசாயி எவரும் இலர். சேலை ஒன்றை எத்தனை நாளில் நெய்து இறக்கலாம் என்று கேட்டால், நெசவாளரும் நூலின் நம்பரையும் கரையின் வேலைப்பாட்டையும் தெரிந்துகொண்ட பின்னரே வாய் திறப்பார். ஆனால் சி.சி.என்.ஏ. பரீட்சைக்கு எத்தனை நாள் படிக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது மட்டும், பேருந்து நிலையத்து விளம்பரப் பலகை ஒன்று "முப்பதே நாள்" என்று கூசாமல் விடையளிக்கிறது. பெற்றோரும் அதனை நம்பிப் பணம் கட்டிவிடுகின்றனர்.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில், கணக்கு வேலை முடிந்து கிளம்பும் வேளையில், அங்கத்தினர் சிலர் தம் மகனையோ மகளையோ அழைத்துவந்து இவ்வினாவை நம்மிடம் கேட்பதுண்டு. பட்டம் பெற்றவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை! வினாவுக்குப் பின்னால் நிற்பது வெறும் ஆர்வமன்று. பரீட்சைக் கட்டணம் 300 அமெரிக்க டாலர், நம் நாணயத்தில் 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை, வரி தனி. தவறினால், மறுமுறை எழுத முழுக் கட்டணத்தையும் மீண்டும் செலுத்த வேண்டும். பயிற்சி நிலையத்தின் கட்டணம் இதற்குப் புறம்பானது. தறியை நம்பியோ இரண்டு ஏக்கர் நிலத்தை நம்பியோ வாழும் குடும்பத்தில் இத்தொகை பெரும்பாலும் நகைக் கடனாகவே வருகிறது. பேரேட்டில் அதன் காரணம் எழுதப்படுவதில்லை, கேட்டால் சொல்வார்கள். ஆகவே இப்பரீட்சைக்கு உண்மையில் எவ்வளவு காலம் வேண்டும் என்பதைச் சற்று விரிவாக ஆராய்வது நம் அங்கத்தினர்க்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

முதற்கண், சான்றிதழ் யாது என்பதைக் கூறிவிடுவோம். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பணியாற்றிய லியோனார்டு போசாக், சாண்டி லெர்னர் என்னும் தம்பதியர் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய சிஸ்கோ என்னும் அமெரிக்க நிறுவனம், கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் கருவிகளைச் செய்கிறது. அவற்றுள் ஸ்விட்ச் என்பது ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணிப்பொறிகளைப் பிணைப்பது; ரவுட்டர் என்பது ஒரு கூட்டத்திலிருந்து வேறொரு கூட்டத்துக்குச் செய்தியை வழி பார்த்து அனுப்புவது. வங்கிக் கிளையில் செலுத்திய பணம் தலைமை அலுவலகத்துக் கணக்கில் அந்நொடியே ஏறுவதும், விற்பனை நிலையத்தில் போட்ட ரசீது கிடங்கின் இருப்பைக் குறைப்பதும் இவற்றால்தான். இக்கருவிகளை அமைக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர் என்பதற்காக அந்நிறுவனம் 1998இல் ஏற்படுத்திய சான்றிதழே சி.சி.என்.ஏ. இதனைத் தொடக்கநிலைச் சான்றிதழ் என்பர். அப்பெயரைக் கேட்டு எளிதென்று எண்ணிவிடலாகாது. உத்தியோகத்தின் முதற்படிக்கு உரியது என்பதே அதன் பொருள். கணிப்பொறியைப் புதிதாகத் தொடுவோர்க்கு உரியது என்பதன்று.

காம்ப்டியா என்னும் அமைப்பு நடத்தும் நெட்வொர்க் பிளஸ் என்ற பரீட்சையும் இதே தரத்தில் உண்டு. அது எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிஷத்தில் அதிகபட்சம் 90 வினாக்கள். 9 முதல் 12 மாதம் வரை வலையமைப்பு வேலையில் பழகியவர் அதனை எழுதுதல் நலம் என்று நடத்துவோரே அறிவித்துள்ளனர். "முப்பதே நாள்" பலகையை எழுதியவர் இந்த வாசகத்தைப் படித்ததில்லை போலும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரிதும் நாடுவது சி.சி.என்.ஏ.வையே ஆதலால், இனி அதனைப் பற்றியே பேசுவோம்.

2020 பிப்ரவரி 24ஆம் தேதிக்கு முன்பு இப்பரீட்சையை இரு பகுதிகளாகப் பிரித்து எழுதும் வழியும் இருந்தது. பாதியைப் படித்து, எழுதித் தேறி, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபாதியைத் தொடங்கலாம். அன்று முதல் 200-301 என்னும் எண்ணுடைய ஒரே பரீட்சையாக அது மாற்றப்பட்டது. முன்பு தனித்தனிச் சான்றிதழ்களாக இருந்த பாதுகாப்பு, கம்பியில்லா இணைப்பு ஆகியவற்றின் அடிப்படைகளும், கட்டளை நிரல்களால் கருவிகளைத் தானே இயங்கச் செய்யும் முறையும் அதற்குள் சேர்ந்தன. 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் மறுபடி ஓரளவு திருத்தப்பட்டது. ஆதலின், "எங்கள் காலத்தில் இரண்டே மாதத்தில் முடித்தோம்" என்று உறவினர் ஒருவர் கூறினால், எந்த ஆண்டில் என்று கேட்டுக்கொள்வது அவசியம். அவர் பொய் சொல்லவில்லை; வேறு பரீட்சையைச் சொல்கிறார்.

பரீட்சைக்குரிய நேரம் 120 நிமிஷம். ஒரு வினாவை விட்டு அடுத்ததற்குச் சென்றால் முந்தையதற்குத் திரும்ப இயலாது. தெரிந்தவற்றை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைப் பின்னர் பார்ப்போம் என்னும் நம் பள்ளிக்கூடத்து உபாயம் இங்கே செல்லாது. சில வினாக்களில் விடையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. கருவியின் திரை காட்டப்படும், கட்டளைகளைத் தட்டச்சு செய்து அதனை அமைத்துக் காட்ட வேண்டும். தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் நிறுவனம் வெளியிடுவதில்லை. "எழுபது வாங்கினால் பாஸ்" என்னும் கணக்கில் குறைந்த அளவு படித்து ஒப்பேற்ற இதனால் வழியில்லாமற் போகிறது.

இனி காலக் கணக்குக்கு வருவோம். மாதக் கணக்கில் பேசுவதால்தான் குழப்பம் விளைகிறது என்பது நம் அபிப்பிராயம். ஒருவருடைய மாதமும் மற்றொருவருடைய மாதமும் ஒன்றல்ல. காலையில் தறியில் அமர்ந்து மாலையில் ஒன்றரை மணி நேரம் படிப்பவனுக்கும், கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவனுக்கும் ஒரே மாதத்தில் ஒரே அளவு படிப்பு எவ்வாறு நிகழும்? மணிக் கணக்கில் பேசுவதே முறை.

அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சிஸ்கோவின் கல்விப் பிரிவாகிய நெட்வொர்க்கிங் அகாடமி, சி.சி.என்.ஏ. பாடத்தை மூன்று பகுதிகளாக வகுத்து நடத்துகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் சுமார் 70 மணி நேரம். ஆக 210 மணி. இதனோடு, பாடம் முடிந்தபின் திருப்பிப் பார்ப்பதற்கும் மாதிரி வினாக்களுக்கும் 40 மணியேனும் சேர்க்க வேண்டும் என்பது நம் கணிப்பு. மொத்தம் 250 மணி. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்று வைத்தால் வாரம் 9 மணி. 28 வாரம், அதாவது ஆறரை மாதம் ஆகும். நாளுக்கு இரண்டு மணியெனில் 21 வாரம், ஐந்து மாதம். நான்கு மணி நேரம் ஒதுக்க வல்லவர்க்கு இரண்டரை மாதம்.

"முப்பது நாளுக்கு நாள் ஒன்றுக்கு எட்டு மணி வீதம் படித்தால் 240 மணி ஆகிவிடுகிறதே, பலகையில் எழுதியது சரிதானே?" என்று கணக்கறிந்த அங்கத்தினர் ஒருவர் கேட்கக்கூடும். பெருக்கல் சரியே. ஆனால் நெஞ்சில் நிற்பது அந்தப் பெருக்கலின்படி நடப்பதில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை மணி, எத்தனை நாள் கழித்து எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற உடனேயே மறதி மிக வேகமாக நிகழ்கிறது என்பதும், ஒரே மூச்சில் திரும்பத் திரும்ப ஓதுவதைவிட நாட்களில் பரப்பி ஓதுவது மேலானது என்பதும் அவர் கண்டவை. பின்வந்த ஆராய்ச்சிகளும் இதனை வலியுறுத்தியே உள்ளன. ஒரு வாரத்துத் தண்ணீரை ஒரே நாளில் நாற்றங்காலில் பாய்ச்சினால் என்னவாகும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியாததன்று.

ஐந்தே நாளில் நடத்தப்படும் வகுப்பு ஒன்றும் சிஸ்கோவின் பெயரால் உண்டு. ஐந்து நாள் ஆசிரியர் முன்னிலையிலும், சுமார் மூன்று நாளளவு பாடம் தாமாகவும் படிக்கும் ஏற்பாடு அது. ஏற்கெனவே இத்தொழிலில் இருந்து, கருவிகளோடு நாள்தோறும் புழங்குவோர் தம் அறிவை ஒழுங்கு செய்துகொள்ள ஏற்றது. அதனைச் சுட்டிக் காட்டி, புதியவரிடம் அதே வேகத்தை எதிர்பார்ப்பது, நாற்பதாண்டு நெய்தவரின் ஒரு நாள் வேலையைப் பழகுநனிடம் கேட்பது போலாகும்.

250 மணியும் எங்கே செலவாகிறது என்பதைப் பெற்றோர் ஓரளவு அறிந்திருத்தல் நலம். மகள் தாள் தாளாக 128, 192, 224 என்று எழுதிக்கொண்டிருந்தால் வீண்வேலை செய்கிறாள் என்று எண்ண வேண்டாம். சப்நெட்டிங் என்னும் கணக்கைப் போடுகிறாள். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஐ.பி. முகவரி என ஓர் எண் உண்டு. 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் நிரப்பப்படும் 32 இடங்கள் கொண்டது அது. நாம் படிப்பதற்காக எட்டெட்டாகப் பிரித்து, 192.168.10.77 என்பதுபோல் நான்கு எண்களாக எழுதுகின்றனர். அதன் முற்பகுதி தெருவையும் பிற்பகுதி வீட்டையும் குறிப்பதாகக் கொள்ளலாம். எத்தனை இடங்கள் தெருவுக்கு உரியவை என்பதை முகவரியின் பின்னால் /26 என்பதுபோல் எழுதுவர். 26 இடம் தெருவுக்குப் போனால் வீட்டுக்கு எஞ்சியவை 6. ஆறு இடங்களில் 0, 1 இரண்டையும் மாற்றி மாற்றி நிரப்பினால் 64 வகை. ஆகவே ஒரு தெருவில் 64 எண்கள். தெருக்கள் 0, 64, 128, 192 ஆகிய எண்களில் தொடங்கும். 77 என்னும் வீடு 64 முதல் 127 வரை உள்ள தெருவில் இருக்கிறது. முதல் எண் தெருவின் பெயராகவும், கடைசி எண் தெரு முழுமைக்கும் தண்டோரா போடவும் ஒதுக்கப்படுவதால் குடியிருக்கத் தக்கவை 65 முதல் 126 வரையுள்ள 62 வீடுகளே.

இதனைப் புரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். புதிதாகக் கற்றவர் இத்தகைய கணக்கொன்றைப் போடப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வார். பரீட்சையிலோ ஒரு நிமிஷத்துக்குள், மனத்திலேயே, அல்லது சிறு குறிப்புப் பலகையில் நான்கு எண்களை எழுதி விடை காண வேண்டும். பத்து நிமிஷத்தை ஒரு நிமிஷமாக்குவது அறிவால் ஆவதன்று, பழக்கத்தால் ஆவது. நாள்தோறும் இருபது நிமிஷம், முப்பது நாற்பது நாள் விடாமல் போட்டால் கை வந்துவிடும். கூட்டிப் பார்த்தால் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரமே. அந்தப் பதின்மூன்று மணியையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செலவிட்டாலும் வருவதில்லை. நாம் பார்த்த வரையில், இப்பரீட்சையில் நேரம் போதாமல் தவறுவோர் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றனர்.

நேரத்தை விழுங்கும் மற்றொரு பகுதி கைப்பயிற்சி. காணொளிகளைப் பார்த்தே படித்துவிடலாம் என்னும் எண்ணம் இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. நல்ல ஆசிரியர்களின் காணொளிகள் இணையத்தில் ஏராளமாக, இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும் தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்து நெசவு கற்றவர் எவரேனும் உண்டா? இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று தேடிப் பிணைக்கும் விரல் அறிவு, நாடா எறிந்து பார்த்தவருக்கே வரும். காணொளியில் ஆசிரியர் இடும் கட்டளை முதல் முறையிலேயே பலிக்கிறது. மாணவர் தாமே செய்யும்போது இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள மறுக்கும். ஓ.எஸ்.பி.எஃப். என்னும் முறையில் ரவுட்டர்கள் 'ஹலோ' என்னும் சிறு செய்தியை, சாதாரணமாகப் பத்து நொடிக்கு ஒரு முறை, ஒன்றுக்கொன்று அனுப்பி உறவு கொள்கின்றன. ஒன்றில் பத்து நொடியும் மற்றொன்றில் முப்பது நொடியும் என்று அமைந்துவிட்டால் உறவு ஏற்படாது. கம்பி சரியாக இருக்கும். முகவரி சரியாக இருக்கும். வேலை மட்டும் நடவாது. இதனைத் தேடிக் கண்டுபிடிக்க மாணவருக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். அந்த முக்கால் மணி வீணானது என்று அவர் நினைப்பார். உண்மையில் அன்றைய படிப்பு முழுவதும் அந்த முக்கால் மணியிலேதான் நடந்தது.

இப்பயிற்சிக்காகக் கருவிகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பாக்கெட் டிரேசர் என்னும் செயலியைச் சிஸ்கோ அகாடமியே பதிவு செய்துகொள்வோர்க்கு இலவசமாகத் தருகிறது. திரையிலேயே ரவுட்டரையும் ஸ்விட்சையும் வைத்து, கம்பி இழுத்து, கட்டளையிட்டுப் பார்க்கலாம். 4 ஜி.பி. நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதும். கைப்பேசியை மட்டும் வைத்துக்கொண்டு இதனைச் செய்ய இயலாது. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பயிற்சி நிலையத்துக்கு வாங்குவதற்கு முன்னர், பழைய மடிக்கணினி ஒன்றுக்கு வாங்குவது மேல் என்பது நம் கருத்து. மொத்த நேரத்தில் பாதியையேனும் இதில் செலவிடாதவர், எத்தனை மாதம் படித்தாலும் படித்தவராகார்.

தமிழ் வழியில் பயின்ற பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பரீட்சை தமிழில் இல்லை. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இங்கே இடர் விளைவிப்பவை பெரிய சொற்கள் அல்ல, சிறிய சொற்களே. 'போர்ட்' என்பதற்கு அகராதி துறைமுகம் என்கிறது. இங்கே அது கம்பி செருகும் துளை, சில இடங்களில் வெறும் ஓர் எண். 'டிரங்க்' என்றால் பெட்டி, யானையின் துதிக்கை, மரத்தின் அடி என்று அகராதியில் காணலாம். இங்கே பல வலையமைப்புகளின் செய்திகளை ஒரே கம்பியில் கொண்டுசெல்லும் இணைப்பு. 'ஃபிளட்' என்றால் வெள்ளம். ஸ்விட்ச் ஒன்று, செய்தி யாருக்கு என்று தெரியாதபோது, வந்த துளை நீங்கலாக மற்றெல்லாத் துளைகளிலும் அதனை அனுப்புவதற்கு இங்கே அப்பெயர். அகராதியை நம்பிப் படித்த மாணவர், வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்தும் வாக்கியம் விளங்காமல் தம்மை மந்தபுத்தி என்று முடிவுகட்டிவிடுகிறார். அத்தகையோர் முதல் இரண்டு மாதத்தில் முப்பது நாற்பது மணி நேரத்தைச் சொற்களுக்கென்றே ஒதுக்கி, ஒரு குறிப்பேட்டில் சொல்லையும், அது இத்தொழிலில் செய்யும் வேலையையும் தமிழில் எழுதிவருவாராயின், மூன்றாம் மாதத்தில் ஆங்கில வழியில் பயின்றவரோடு சமமாக நடப்பார். இது நாம் கண்ணால் கண்டது.

கணிப்பொறியியல் அல்லது மின்னணுவியலில் டிப்ளமோ, பட்டம் பெற்றவர்க்கு 250 மணியில் நூறு மணி வரை குறையலாம். பாடம் உண்மையில் மனத்தில் இருந்தால்! இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பிவடக்காரரிடமோ, கண்காணிப்புக் கேமரா பொருத்துபவரிடமோ வேலை செய்துவரும் இளைஞருக்குக் கைவேலை விரைவில் வரும். இரும எண் கணக்கும் வழிகாணும் முறைகளும் மெதுவாக வரும். அவருக்கும் ஏறத்தாழ அதே அளவு குறையும். வணிகவியலோ வரலாறோ படித்து, கணிப்பொறியில் கடிதம் மட்டுமே தட்டிப் பழகியவர், 250 மணிக்கு முன்னதாக ஐம்பது மணி நேரத்தை அடிப்படைகளுக்குச் செலவிட வேண்டியிருக்கும். அதனால் அவர்க்கு இத்துறை ஏற்றதன்று என்பதில்லை. அகாடமியின் தொடக்கப் பாடங்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை ஒரு மாதம் படித்துப் பார்த்து, விருப்பம் நிலைக்கிறதா என்று கண்ட பின்னர் பெருஞ்செலவில் இறங்கலாம். ஒரு மாதத்தில் ஆர்வம் வடிந்துவிட்டால் குடும்பத்துக்கு நட்டம் ஏதுமில்லை.

எந்தக் காலக் கணக்கும் வீட்டின் நாட்காட்டியோடு ஒத்துப்போக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஆறேழு வாரங்களில் நெசவாளர் வீட்டில் தறி நிற்பதில்லை. தார் சுற்றுவதற்கு ஆள் போதாமல் படிக்கும் பிள்ளையையும் ராட்டையில் அமர்த்துவது வழக்கம். அறுவடைக் காலத்தில் விவசாயி வீட்டிலும் அவ்வாறே. பெண் பிள்ளைகளாயின் சமையலும் தண்ணீரும் ஆண்டு முழுவதும் உண்டு. இவற்றை மறந்துவிட்டு ஐந்து மாதம் என்று திட்டமிட்டால் ஏழு மாதம் ஆகும். ஆனபின் பிள்ளைமேல் பழி விழும். அத்தகைய வாரங்களில் புதுப் பாடத்தை நிறுத்திவிடலாம். ஆனால் இருபது நிமிஷச் சப்நெட்டிங் கணக்கையும், பழைய குறிப்புகளைப் புரட்டுவதையும் நிறுத்தலாகாது. மூன்று வாரம் முற்றிலும் விட்டவர், திரும்பி வந்து அமரும்போது முன்பு கற்றதில் பெரும்பகுதியை மறுபடி கற்கிறார். படிப்பு ஓராண்டுக்குமேல் நீள்வதும் இக்காரணத்தால் நன்றன்று. முன்னே கற்றது பின்னே உதிர்ந்துகொண்டே வரும். நாளுக்கு அரை மணிதான் கிடைக்கும் என்றால், அது கூடும் வரை பரீட்சையைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்து, அடிப்படைகளை மட்டும் படித்துவருவது விவேகம்.

கட்டணத்தை எப்போது கட்டுவது என்பதும் காலத்தைப் பற்றிய வினாவே. முதல் நாளே தேதி குறித்துவிட்டால் பயத்தினால் படிப்பு நடக்கும் என்பார் உளர். 25,000 ரூபாயைப் பந்தயமாக வைக்கும் அந்த உபாயம் மாதச் சம்பளக்காரர்க்குப் பொருந்தலாம், நம்மவர்க்குப் பொருந்தாது. மொத்த மணியில் முக்கால் பங்கு கடந்தபின், நான்கைந்து வாரம் தள்ளித் தேதி குறிப்பதே போதும். குறித்த நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பு வரை தேதியை மாற்றிக்கொள்ள இடமுண்டு. அதற்குப் பின் போகாமல் நின்றால் பணம் போயிற்று.

ஆயத்தம் ஆகிவிட்டோமா என்பதை மாணவர் எங்ஙனம் அறிவது? மாதிரி வினாத்தாளில் வாங்கும் மதிப்பெண்ணை நாம் அவ்வளவாக நம்புவதில்லை. அதே வினாக்களை மூன்றாம் முறை எழுதினால் எவர்க்கும் மதிப்பெண் ஏறும். சப்நெட்டிங் கணக்குப் பத்தினைத் தொடர்ந்து பத்து நிமிஷத்துக்குள் பிழையின்றிப் போட முடிகிறதா? வெற்றுத் திரையில் தொடங்கி, குறிப்பேட்டைத் திறவாமல், இரண்டு பிரிவுகளாகப் பிரித்த ஸ்விட்ச், அவற்றை இணைக்கும் ரவுட்டர், வெளியுலகுக்கு ஒரு வழி, வேண்டாதவரைத் தடுக்கும் விதி ஆகிய யாவும் கொண்ட வலையமைப்பை ஒரு மணிக்குள் அமைக்க முடிகிறதா? இவ்விரண்டும் ஆனால், கூடப் படிக்கும் தோழரை அழைத்து, அவ்வமைப்பில் எங்கேனும் மூன்று பிழைகளை ரகசியமாகப் புகுத்தச் சொல்லி, அவற்றைத் தேடிப் பார்க்கட்டும். மூன்றையும் அரை மணிக்குள் கண்டுபிடிப்பவர் கட்டணத்தைத் துணிந்து கட்டலாம். கண்டுபிடிக்க இயலாதவர் இன்னும் மூன்று வாரம் தேதியைத் தள்ளிவைக்கட்டும். தவறிய பின்னரும் ஐந்து நாள் கழிந்தால் மறுபடி எழுதலாம் என்பது விதி. ஆனால் அந்த ஐந்து நாளில் அறிவு கூடுவதில்லை, கடன்தான் கூடுகிறது.

காலத்தைச் சுருக்கும் குறுக்கு வழி ஒன்றும் சந்தையில் விற்கிறது. பரீட்சையில் வந்த வினாக்கள் என்று சொல்லி விடையோடு தொகுத்து விற்கும் தாள்கள் அவை. இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாமாம். பரீட்சை எழுதும் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிடமாட்டேன் என்று உடன்பட்டே அமர்கின்றனர். அத்தகைய தாள்களைப் பயன்படுத்தியது தெரிந்தால் சான்றிதழ் ரத்தாகும். தெரியாமல் தப்பினாலும், நேர்முகத் தேர்வில் ரவுட்டரைக் காட்டி "இது ஏன் பேசவில்லை?" என்று கேட்கும் முதல் வினாவிலேயே சாயம் வெளுத்துவிடும்.

சான்றிதழ் மூன்றாண்டுக்குச் செல்லும். அதற்குள் மறுபடி எழுதியோ, மேற்பரீட்சை ஒன்றில் தேறியோ, அங்கீகரிக்கப்பட்ட தொடர்கல்வியால் 30 புள்ளி சேர்த்தோ புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எனவே படித்து முடித்ததும் வேலை தேடத் தொடங்கிவிடுவது உசிதம். ஓராண்டு வாளாவிருந்தால் சான்றிதழில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிடுகிறது. சான்றிதழ் பெற்ற அனைவர்க்கும் வேலை உறுதி என்று எவரேனும் எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளில் அவர் கையெழுத்தும், வேலை கிடைக்காவிடில் திருப்பித் தரும் தொகையும் இருக்கின்றனவா என்று பெற்றோர் பார்த்துக்கொள்ளவும். நம் சங்கத்தில் பத்திரம் எழுதும்போது பார்ப்பது போலத்தான்.

பரீட்சை பியர்சன் வியூ என்னும் நிறுவனத்தின் மையங்களில் நடைபெறுகிறது; வீட்டிலிருந்து இணையவழி எழுதவும் ஏற்பாடுண்டு. மின்சாரமும் இணையமும் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதை எண்ணி, பஸ் செலவு ஆனாலும் மையத்துக்குச் சென்று எழுதுவதே நம்மவர்க்கு ஏற்றது. பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மவர் பெயரில் தந்தையின் முன்னெழுத்து பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும், ஆதாரில் வேறு மாதிரியும், பாஸ்போர்ட்டில் விரிந்த பெயராகவும் இருப்பது சகஜம். மையத்தில் காட்டப்போகும் அரசாங்க அடையாள அட்டையில் எவ்வாறு உள்ளதோ எழுத்துக்கு எழுத்து அவ்வாறே பதிவிலும் இருத்தல் வேண்டும். மாறியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் திரும்பாது. இத்திருத்தத்துக்கு ஓரிரு வாரம் பிடிக்கலாம் ஆதலால், அதனைப் படிப்பின் முதல் மாதத்திலேயே முடித்துவைப்பது நலம்.